உலங்கூர்தி: ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்

1.

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கனவில் வரவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் வரவில்லை. வேலையாக வந்தது. ஓர் அகராதிக் குழு என்னிடம் கொஞ்சம் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருளும், அன்றாட வழக்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதித் தரச் சொன்னது. உலகம் முடிந்தது. உலக்கை முடிந்தது. அடுத்து உலங்கூர்தி.

பொருள் எழுதுவதில் சிக்கல் இல்லை. தலைக்கு மேல் சுழலும் தகடுகளால் நேராக மேலே எழும்பி, நேராகக் கீழே இறங்கக்கூடிய வானூர்தி, ஹெலிகாப்டர். வாக்கியத்தில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அமைச்சர் உலங்கூர்தியில் வந்திறங்கினார். [இது செய்தி. அன்றாடம் என்றல்லவா கேட்டார்கள்?]

"அம்மா, அங்க பாரு, உலங்கூர்தி!" என்று குழந்தை… [எந்தக் குழந்தை? அழைத்து வாருங்கள், நானும் பார்க்கிறேன்.]

எங்கள் வீட்டு மின்விசிறி உலங்கூர்தி மாதிரி… [வேண்டாம். எழுதும்போதே கை கூசுகிறது.]

இந்தச் சொல்லை நான் பத்திரிகையில் படித்திருக்கிறேன், வானொலியில் கேட்டிருக்கிறேன். ஆனால் மூச்சு வாங்க, பயந்து, கத்தி, யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறேனா? என் காதுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் வாயில் இருப்பது ஹெலிகாப்டர். அவசரத்தில் எலிகாப்டர். மின்விசிறி கடகடத்தால் ஹெலிகாப்டர், மட்டையைச் சுழற்றி அடித்தால் ஹெலிகாப்டர், பிள்ளையின் தலைக்கு மேலேயே வட்டமடிக்கும் பெற்றோரும் ஹெலிகாப்டர்.

சரி, சொல்வதற்கு வாய் இல்லையென்றால் ஒரு வாயை உண்டாக்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல ஒரு ஆள். அந்த ஆளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லியே ஆகவேண்டிய ஒரு நெருக்கடி. விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது.

2.

மழை பெய்துகொண்டிருந்தது. [எல்லாக் கதையிலும் பெய்கிறது.]

வானம் பொத்துக்கொண்டு… [இதுவும் அதே மழைதான்.]

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. [இது நிற்கும். இதிலிருந்து போவோம்.]

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. வெள்ளக் கட்டுப்பாட்டு அறை என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவரில் ஊரின் வரைபடம், மேஜைமேல் வளைந்த கழுத்துள்ள மைக். அதன் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பேசினால் தாழ்வான தெருக்களின் கம்பங்களில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் கேட்கும். மேலிடத்து உத்தரவுகள் வேறொரு மொழியில் வரும். அவற்றைத் தமிழில் எழுதி, ஒப்புதல் வாங்கி, மைக்கில் படிப்பது மொழிபெயர்ப்பாளரின் வேலை. மொழிபெயர்ப்பாளர் என்று நீட்டி முழக்காமல், வீட்டில் கூப்பிடுகிறபடி சின்னவள் என்றே சொல்கிறேன். ஏனென்றால் பெரியவள், அதாவது அக்கா, தண்ணீருக்குள் இருக்கிறாள்.

அக்காவின் வீடு சந்தைக் கட்டடத்துக்கு நேர் பின்னால். தகரக் கூரை. அத்தானுக்குத் தொடைவரை மாவுக்கட்டு. காலையில் பேசியபோது தண்ணீர் கட்டில்காலை நனைத்துக்கொண்டிருந்தது. "படகு வரும்னு சொல்லியிருக்காங்கடி, பயப்படாதே" என்று அக்காதான் இவளுக்குத் தைரியம் சொன்னாள். அதற்குப் பிறகு போன் போகவில்லை.

மத்தியானம் உத்தரவு வந்தது. நீரோட்டம் வேகமாக இருப்பதால் அந்தப் பக்கத்துக்குப் படகு போகாது. ஹெலிகாப்டர் போகும். சந்தைக் கட்டடத்தின் உச்சியில் கார் நிறுத்தும் தளம் இருக்கிறது, தெருவிலிருந்தே மேலே வரைக்கும் சாய்வான பாதையும் இருக்கிறது. ஜனங்கள் அதில் ஏறி வந்து நின்றால் கயிறு இறக்கித் தூக்கிக்கொள்வார்கள்.

சின்னவள் கடகடவென்று எழுதினாள். 'படகு வராது. சந்தைக் கட்டடத்து மாடிக்கு ஹெலிகாப்டர் வருது. எல்லாரும் உடனே மேலே ஏறி வாங்க.'

எழுதியதைப் பிரிவுத் தலைவரிடம் நீட்டினாள். அலுவலகத்தில் அவருக்கு வடிகட்டி என்று பெயர். அவரைத் தாண்டி ஒரு வேற்றுச் சொல்லும் வெளியே போகாது.

"ஹெலிகாப்டரா? நம்மகிட்ட சொல் இல்லையாம்மா?"

"ஜனங்களுக்குப் புரியணும் சார்."

"நாமளே சொல்லலேன்னா அவங்களுக்கு எப்படிப் புரியும்? சொல்லச் சொல்லத்தானே புரியும்."

"இன்னிக்கா சார்?"

"என்னிக்கும்தான். அப்புறம் இது என்ன, வாங்க போங்கன்னு? அரசாங்க அறிவிப்பு மாதிரியா இருக்கு?"

அவர் பேனாவை எடுத்தார். ஒலிபெருக்கிகளில் கடைசியாகப் போனது இதுதான்: 'அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. சந்தைக் கட்டட மேல்தள ஊர்தி நிறுத்துமிடத்துக்கு உலங்கூர்தி வருகை தரும். தேவையுடையோர் விரைந்து பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. படகு வராது என்ற செய்தியும் இல்லை. அதைச் சொன்னால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்று நீக்கிவிட்டார்.

3.

(இந்தப் பகுதியை அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.)

ஊர்தி என்றால் ஊர்ந்து போவது, வண்டி. அதில் தகராறில்லை. உலங்கு என்றால்? அகராதிகளைப் புரட்டினேன். கொசு என்று ஒரு பொருள் கிடைத்தது. இந்தச் சொல்லை உண்டாக்கியவர் கொசுவைத்தான் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாகாகத்தான் இருக்கிறது. ரீங்காரம் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பதற்குக் கொசுவை விட்டால் வேறு யார்? தூய வழக்கில் கொசு, பேச்சு வழக்கில் எலி. பாவம், எத்தனை பெரிய யந்திரம்!

விளையாட்டு போதும். சங்கடம் என்னவென்றால், உலங்கு என்ற சொல் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரியாத சொல்லைக் காது அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. தனக்குத் தெரிந்த பக்கத்துச் சொல்லாக மாற்றிக்கொள்ளும். அதுவும் மழை இரைச்சலில், எதிரொலிக்கும் ஒலிபெருக்கியில். உலங்கூர்திக்குப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது?

நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். சின்னவளுக்கு இன்னும் தெரியாது.

4.

மாலை. ஹெலிகாப்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. அறையில் எல்லாருடைய கண்ணும் வயர்லெஸ் பெட்டிமேல்.

(விமானி பேசியது அந்த வேற்று மொழியில். சின்னவளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. ஆகவே அவள் காதில் விழுந்த தமிழிலேயே தருகிறேன்.)

"கட்டடத்துக்கு மேல இருக்கேன். ஆளுங்க யாரையும் காணோம்."

"நல்லாப் பாருங்க" என்றார் வயர்லெஸ்காரர்.

"பாத்துட்டேன். ஆளே இல்ல. ஆடுங்கதான் நிக்குது."

"என்னது?"

"ஆடு. கூட்டமா நிக்குது. ஒரு கழுதைகூட இருக்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். சின்னவளுக்கும் ஒரு கணம் சிரிப்பு வரத்தான் பார்த்தது. அப்போது அவள் கைப்பேசி அதிர்ந்தது. அக்கா.

[ஏன் இவ்வளவு நேரம் வராத போன் இப்போது வந்தது என்று கேட்பீர்கள். கதைக்கு வேண்டும் என்பதால் வந்தது. இல்லை என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. ஆனால் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.]

"அக்கா! எங்கே இருக்கே? ஏன் மாடிக்குப் போகலே?"

"எந்த மாடிக்கு? நாங்க கட்டில் மேல நிக்கிறோம். தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. படகு எப்போடி வரும்?"

"படகு வராதுக்கா! மைக்கில சொன்னோமே, கேக்கலியா?"

"கேட்டுச்சே. நீதான் படிச்சே, உன் குரல்னு அத்தான்கிட்டகூடச் சொன்னேன். விலங்கூர்தி வருதுன்னே."

"என்ன ஊர்தி?"

"விலங்கூர்தி. ஆடு மாடு ஏத்துற வண்டி. பக்கத்து வீட்டுக்காரர் அவர் ஆட்டையெல்லாம் மேல ஓட்டிட்டுப் போய்க் கட்டிட்டுத் திரும்பி வந்துட்டார். தேவையுடையோர்னு வேற சொன்னே. நமக்கு என்னடி தேவை? எங்ககிட்ட ஆடு இருக்கா, மாடு இருக்கா?"

பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "அவகிட்ட சொல்லு, இந்த வீட்டுல ஒத்தை மாடு நான்தான். என்னை ஏத்திக்குவாங்களான்னு கேளு." அந்த மனுஷனுக்கு இடுப்பளவு தண்ணீரிலும் நக்கல் போகாது.

"அக்கா, கேளு. அது விலங்கு இல்ல. அது ஹெலி—"

போன் செத்துவிட்டது.

5.

இப்போது எனக்கும் அகராதிக் குழுவுக்கும் வேண்டிய வாக்கியம் கிடைத்துவிட்டது. 'உலங்கூர்தி என்பதை அக்கா விலங்கூர்தி என்று கேட்டாள்.' இதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவியிருக்கலாம். ஆனால் கட்டில்மேல் நிற்கிற அக்காவை அப்படியே விட்டுவிட்டு எங்கே போவது? நான் போட்ட தண்ணீர் அது.

வடிகட்டியைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதலில் எழுதியபோது அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். பெரிய மீசையெல்லாம் வைத்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். வேறு மொழியில் உத்தரவு போடுகிற ஓர் அலுவலகத்தில், தமிழுக்கு ஓரமாகப் போட்ட ஒரு மேஜையில், அந்த மனிதர் காலமெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் காவல் காத்திருக்கிறார். அவரைக் கோமாளியாக்கினால் கதை சுலபமாக முடியும். ஆனால் அகராதிக்காக அதே சொல்லின் பொருளை அழகாக எழுதி வைத்தவன் நான். என்னை என்ன சொல்வீர்கள்?

ஆகவே அவரை இப்படி எழுதுகிறேன்.

சின்னவள் மைக்கை நோக்கிப் பாய்ந்தாள். வடிகட்டி அதன்மேல் கை வைத்தார்.

"எழுதிக் குடு. பாத்துட்டுத் தரேன்."

"நேரமில்ல சார்! எல்லாரும் விலங்கூர்தின்னு நினைச்சுட்டாங்க. ஆட்டை ஏத்திட்டு அவங்க கீழயே நிக்கிறாங்க. எங்க அக்கா அங்க இருக்கா சார்!"

அவர் முகம் வெளுத்துப்போனது. ஆனால் காலமெல்லாம் பழகியது ஒரு நிமிஷத்தில் போய்விடுமா?

"உச்சரிப்புல கோளாறு" என்றார். "சொல்லுல இல்ல. நீ அவசர அவசரமாப் படிச்சே. நான் படிக்கிறேன், பாரு."

அவரே மைக்கை இழுத்து, பொத்தானை அழுத்தி, அதே அறிவிப்பைப் படித்தார். என்ன உச்சரிப்பு! உ-லங்-கூர்-தி. ஒவ்வோர் எழுத்தையும் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

அறை காத்திருந்தது. வயர்லெஸ் கரகரத்தது.

"சாய்பாதையில ஏதோ வருது" என்றார் விமானி. "வருது, வருது. ஆமா. மாடு. யாரோ ஒரு மாட்டை ஏத்தி விட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"என்னங்க நடக்குது அங்க? எனக்கு இன்னும் ஒரு சுத்துக்குத்தான் எரிபொருள். இருட்டினா திரும்பி வர முடியாது."

வடிகட்டி மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் அவர் கையைப் பிடித்து விலக்கினாள். அவர் தடுக்கவில்லை. அவள் பொத்தானை அழுத்தினாள்.

6.

[இங்கே அவள் என்ன சொன்னாள் என்பதைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். 'பொதுமக்கள் கவனத்திற்கு, முந்தைய அறிவிப்பில் ஏற்பட்ட…' சீ! 'அன்பார்ந்த…' சீ!]

"ஹெலிகாப்டர்!" என்று அவள் கத்தினாள். "ஹெலிகாப்டர் வந்திருக்கு! எலிகாப்டர்! தலைக்கு மேல சத்தம் கேக்குதுல்ல, அதுதான்! படகு வராது. ஆடு மாட்டுக்கு இல்லைங்க, ஆளுங்களுக்கு! நமக்குத்தான்! எல்லாரும் மாடிக்கு ஓடுங்க! அக்கா, உனக்குத்தான் சொல்றேன், அது உனக்குத்தான் வந்திருக்கு! அத்தானை இழுத்துக்கிட்டாவது போய்ச் சேரு!"

சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றாள். அரசாங்க ஒலிபெருக்கியில் அக்கா என்று கூப்பிட்டுவிட்டோமே என்ற பயம் அப்போதுதான் வந்தது. வடிகட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "படகு வராதுங்கிறதை முதல்ல சொல்லு."

அவள் சொன்னாள். தொண்டை கட்டும்வரை சொன்னாள். அவள் குரல் போனபோது வடிகட்டி குனிந்து மைக்கில் "ஹெலிகாப்டர், ஹெலிகாப்டர்" என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சொல் அந்த வாயிலிருந்து அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் கொச்சையாகத்தான் வந்தது.

வயர்லெஸ் கரகரத்தது.

"ஆளுங்க வர்றாங்க! ஓடி வர்றாங்க. ஆட்டையெல்லாம் ஒதுக்குறாங்க. கயிறு இறக்கியாச்சு."

அறையில் ஒருவர் நாற்காலியிலேயே சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். விமானி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, சின்னவள் வயர்லெஸ் பெட்டியோடு பெட்டியாக ஒட்டிக்கொண்டு கேட்டாள். வயதான ஒருவர். கைக்குழந்தையோடு ஒரு பெண். ஆட்டுக்காரர், ஆட்டை விட்டு வரமாட்டேன் என்று தகராறு செய்து, கடைசியில் வந்தார். 

"கால்ல மாவுக்கட்டு போட்டவர் யாராவது? கூட ஒரு அம்மா?" என்று வயர்லெஸ்காரர் பிடித்திருந்த கருவியில் கேட்டாள்.

"இல்லியே."

"நல்லாப் பாருங்க."

"மேல இருந்தவங்க எல்லாரையும் தூக்கியாச்சு. நான் கிளம்பறேன்."

7.

முடிவுக்கு வந்துவிட்டோம். என் மேஜையில் இப்போது மூன்று முடிவுகள் இருக்கின்றன. மூன்றுமே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் முடிவில் அக்காவும் அத்தானும் வந்து சேர்கிறார்கள். அத்தான் கயிற்றில் தொங்கிக்கொண்டே ஏதோ நக்கலடிக்கிறார். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் காப்பாற்றியது போலாகிவிடும், அவர்கள் தப்பித்தது போலாகாது.

இரண்டாவதில் அக்கா மட்டும் வருகிறாள். இல்லை, அவள் வரமாட்டாள். அவரை விட்டுவிட்டு வருகிற அக்காவை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் கதவுவரை போய்விட்டுத் திரும்பிக் கட்டிலுக்கே போனாள். பாத்திரம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று எழுத்தாளர்கள் அலட்டிக்கொள்வதைக் கேட்டு நானே கேலி செய்திருக்கிறேன்.

மூன்றாவதை நான் சொல்லமாட்டேன். அது

(விட்டுவிடுங்கள்.)

ஆகவே எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

"கிளம்பறேன்" என்று சொன்ன விமானி மறுபடியும் பேசினார்.

"சாய்பாதையில இன்னொண்ணு வருது. மழையில சரியாத் தெரியல. பெருசா இருக்கு. தரையோட தரையா ரொம்ப மெதுவா வருது. இன்னொரு மாடுதான் போல. அடிபட்ட மாடு. எனக்கு எரிபொருள் இல்ல, போறேன்."

"மாடு இல்ல" என்றாள் சின்னவள்.

"என்ன?"

"மாடு இல்ல. ஆளு. ரெண்டு ஆளு. எங்க அக்கா எங்க அத்தானை இழுத்துட்டு வர்றா. அதான் பெருசாத் தெரியுது. அதான் மெதுவா வருது. நில்லுங்க!"



"பாத்துத்தான் சொல்றீங்களா?" என்றார் விமானி.

சின்னவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் வரைபடம் இருந்தது. வடிகட்டி அவளைப் பார்த்தார். பிறகு வயர்லெஸ்காரரின் கையிலிருந்து கருவியை வாங்கி அவளிடமே கொடுத்தார்.

"ஆமா" என்றாள் அவள். "பாத்துட்டுத்தான் சொல்றேன். கயித்தை இறக்குங்க."

விமானி இறக்குகிறார். கயிறு மழைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கீழே சாய்பாதையில் அது இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு உயரத்திலிருந்து என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நீங்கள் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பார்த்துவிட்டு, என்னிடம் வேண்டாம், அவளிடம் சொல்லுங்கள்.